நாம என்கிற சொல்

தாமல்,
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.

என் அன்பு மருமகள் பாப்பாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. மருமகள் என்று எழுதியதும் புருவத்தைத் தூக்காதே. அண்ணன் மகள் எனக்கு மருமகள்தான், முறையைச் சொன்னேன். உன்னை எவன் தலையிலும் கட்டிவைக்கிற யோசனை எனக்குக் கிடையாது. நீ லைன் லீடர் ஆகிவிட்டாய், உனக்குக் கீழே 18 பேர் என்று உன் அப்பன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. எனக்கு நீ இன்னும் பாவாடையில் மாங்காய் கட்டிக்கொண்டு வரும் பாப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். குக்கர் விசில் அடித்தது, உன் மாமா மோட்டார் போட மறந்திருந்தார், பேச்சு அறுந்து போயிற்று. "ஆளுங்க நிக்க மாட்டேங்கிறாங்க அத்தை. ஆறு மாசத்துல பாதிப் பேர் கிளம்பிடுறாங்க. இது நம்ம கம்பெனின்னு அவங்களுக்குத் தோணணும், அதுக்கு என்ன செய்யலாம்னு ஐடியா கேட்டு மேலேயிருந்து மெயில் வந்திருக்கு. டீ ஷர்ட் குடுக்கலாமா, பிறந்த நாளுக்குக் கேக் வெட்டலாமான்னு யோசிக்கிறேன்" என்றாய். கேக் வெட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை. ஆனால் கேக்கில் முடிகிற காரியம் இல்லை இது. ஒன்பதாவதோடு நின்றவள் நான், உன்னைப்போல மேலாண்மை படித்தவள் இல்லை. இருந்தாலும் சின்ன வயதில் தறியில், அப்புறம் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் 22 வருஷம் என்று, அடுத்தவர் இடத்தில் வேலை பார்த்தே காலம் போனவள். ஓரிடம் நம்முடையதாகத் தோன்றுவது எப்போது, தோன்றாமல் போவது எப்போது என்று என் உடம்புக்குத் தெரியும். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். நடுநடுவே திட்டுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் உன் கழுத்தில் தொங்கும் அந்த அட்டைக் கயிறு. போன மாதம் வந்தபோது சாப்பிட உட்கார்ந்தும் அதைக் கழற்றவில்லை நீ, ரசத்தில் தோய்ந்தது. நம்ம ஊர்ப் பெருமாளுக்கு என்ன பெயர்? தாமோதரன். யசோதை இடுப்பில் கயிறு கட்டியதால் வந்த பெயர் அது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எத்தனை கயிறு கொண்டுவந்து சேர்த்தாலும் இரண்டு விரல் நீளம் குறைந்துகொண்டே இருக்கும். அவளுக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து, போனால் போகிறது என்று அந்தப் பிள்ளை தானாகக் கட்டுப்பட்டது. கம்பெனிக்காரர்கள் போடுகிற கயிறும் அப்படித்தான். அட்டை, பாண்டு பேப்பர், நோட்டீஸ் காலம் என்று எத்தனை முடிச்சுப் போட்டாலும் கடைசி இரண்டு விரல் எட்டாது. அது கட்டுப்படுகிறவன் மனது வைத்துக் கொடுக்கிற நீளம்.

அவன் கொடுத்துவிட்டான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சைக் கேட்டாலே போதும். நம் மொழியில் இதற்கு ஒரு தராசு இருக்கிறது. எதிரில் நிற்கிறவரையும் சேர்த்துக்கொண்டு சொன்னால் "நாம". அவரைத் தள்ளி நிறுத்திச் சொன்னால் "நாங்க". உங்கள் மீட்டிங்கில் பேசுகிற இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, அதனால் யார் உள்ளே, யார் வெளியே என்பது மூடியே கிடக்கும். தமிழில் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

நான் வேலை பார்த்த கடையில் வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்து, "நாம இன்னிக்குப் பத்து மணி வரைக்கும் இருந்தாகணும்மா" என்பார். தீபாவளிக்கு போனஸ் கேட்டால் அதே வாய், "எங்களுக்கு இந்த வருஷம் வியாபாரம் சுமார்தாம்மா" என்று சொல்லும். வேலைக்கு நாம, லாபத்துக்கு நாங்க! கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தான் வார்த்தையை மாற்றியதே அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு நின்ற எங்கள் பதினாலு பேருக்கும் தெரிந்தது. மறுநாளிலிருந்து நாங்களும் "அவங்க கடை" என்றுதான் சொன்னோம். நீ எதையும் செய்வதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா காது கொடுத்துக் கேள். உன் லைனில் இருக்கிறவர்கள் டீ குடிக்கும்போது என்ன சொல்கிறார்கள்? "கம்பெனியில சொல்லிட்டாங்க" என்றா, "நாம முடிச்சிடலாம்" என்றா? நீ என்ன சொல்கிறாய் என்பதையும் கேட்டுக்கொள். அதுதான் கஷ்டம்.

வேலை என்று பேச்சு வந்தால் அத்தை தறிக்கு ஓடிவிடுவாள் என்று சிரிப்பாய். சிரி. ஆனால் உன் தாத்தா தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறுவதை நீ பார்த்ததே இல்லையே. பழைய பாவை முழுசாக அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்தபடி அதன் நுனி அப்படியே நிற்கும். பிணைக்கிறவர் வருவார். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்து முறுக்குவார். ஆயிரக்கணக்கான இழை. அவசரப்பட்டால் ஆகாது. ஒன்று தப்பினாலும் சேலை முழுக்க ஒரு கோடு ஓடும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் புதுப் பாவு தறிக்குள் நுழையும். பழையது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

உங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்கிறீர்கள்? ஒரு நாள் ஏசி அறையில் உட்கார வைத்துப் படம் காட்டுகிறீர்கள். மறுநாள் லைனில் நிறுத்திவிடுகிறீர்கள். பிணைக்கிற ஆள் எங்கே? நான் கடையில் சேர்ந்த முதல் நாள் நினைவுக்கு வருகிறது. எந்த அலமாரியில் எந்த விலைச் சேலை என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீர் எங்கே, பாத்ரூம் எங்கே, சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைப்பது என்று ஒருவர் சொல்லவில்லை. கேட்கக் கூச்சம். சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள், மூத்த சேல்ஸ்காரி ஒரு அக்கா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பின்கட்டைக் காட்டி, "மத்தியானம் என்னோட சாப்பிடு" என்றாள். அந்தக் கடையில் 22 வருஷம் நான் இருந்ததற்குக் காரணம் சம்பளமா, அந்தக் கையா என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்பேன். பாப்பா, புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் பழைய ஆள் ஒருவரோடு பிணைத்து விடு. முதல் வாரம் புது ஆள் தனியாகச் சாப்பிடக் கூடாது. செலவில்லாத காரியம்.

அதே கடையில் இன்னொரு பாடமும் கற்றேன், காலால் கற்றது. காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். கடையில் ஆளே இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லையாம். ஆயிரக்கணக்கில் விலை போகும் சேலைக்குப் பஞ்சு மெத்தை, விரித்துக் காட்டுகிறவளுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. என் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாக நிற்பது அதனால்தான். நீ சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து, "அத்தை, இது ஆறா?" என்று கேட்பாய்.

கேரளத்தில் கோழிக்கோட்டில் விஜி என்று ஒரு தையல்காரப் பெண், கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று அமைப்பு நடத்தினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018இல் கேரளம் அதைச் சட்டத்தில் சேர்த்தது. அடுத்து நம் தமிழ்நாடு, 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று எழுதிவைத்தது. செய்தியைப் பேப்பரில் படித்தபோது நான் வேலையை விட்டிருந்தேன். அழுகை வந்தது என்றால் நம்புவாயா? ஒரு நாற்காலிக்கு ஒரு சட்டசபை கூட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். 'இது உன் இடம்' என்று ஆயிரம் முறை வாயால் சொல்லலாம். உட்கார இடம் கொடுக்காவிட்டால் அது இடமே இல்லை. உன் லைனில் நிற்கிறவர்களுக்கு முறை வைத்து உட்கார வழி இருக்கிறதா? பாத்ரூம் போகிறவரை யாராவது கடிகாரம் பார்த்துக் கணக்கு வைக்கிறார்களா? டீ ஷர்ட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைப் பார்.

அடுத்தது பெயர். நீ போனில் ஒருத்தனைப் பற்றிச் சொன்னாய், "அந்த வடக்கத்திப் பையன் ஒருத்தன், நல்லா வேலை செய்வான்" என்று. அவனுக்குப் பெயர் இல்லையா? ஒடிசாவா, பீகாரா, ஜார்க்கண்டா, அசாமா, எந்த ஊர் என்றாவது தெரியுமா? ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தவனை 'வடக்கு' என்ற ஒரு திசையில் அடைத்துவிட்டாயே. உன் சித்தப்பா துபாயில் இருந்தபோது, "இங்கே எல்லாரும் என்னை மதராசின்னு கூப்பிடறாங்க" என்று எழுதிய கடிதத்தைப் படித்து நம் வீடே பொருமியது நினைவில்லையா? அவனுக்குச் சத் பூஜை எப்போது வருகிறது, அசாம்காரன் என்றால் பிஹு எப்போது என்று கேட்டு வைத்துக்கொள். நாம் பொங்கலுக்கு லீவு கேட்கிற மாதிரிதானே அவனும் கேட்பான்.

உறவு சொல்லிக் கூப்பிடுவது நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, தன் கட்சிக்காரர்களுக்கு 'திராவிட நாடு' இதழிலும் பிறகு 'காஞ்சி' இதழிலும் வாரம்தோறும் கடிதம் எழுதினார். விளிப்பு ஒன்றே ஒன்றுதான், தம்பி. எந்த ஊரிலோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவனுக்குக்கூட, இது எனக்கே எழுதியது என்று தோன்றும். என் அப்பா கட்சிக்காரர் இல்லை. இருந்தும் அந்தக் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். நான் அரசியல் பேசவில்லை, ஒரு சொல் செய்கிற வேலையைச் சொல்கிறேன். அந்தத் தம்பிக்குப் பின்னால் நாட்டு நடப்பை உட்கார்ந்து விளக்குகிற பொறுமை இருந்தது. உனக்கும் இது புரியும் என்கிற மரியாதை இருந்தது. வெறுமனே "தம்பி, அந்தப் பெட்டியைத் தூக்கு" என்றால் அது உறவு ஆகாது, கொஞ்சம் சர்க்கரை தடவிய ஏவல்.

விளக்கிச் சொல்கிற பொறுமை என்றேனே, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம்ம ஊர் வழியாகப் போகிற இதே பெங்களூர் சாலை பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்ஸ்கான் செல்போன் தொழிற்சாலைப் பெண்கள் ராத்திரியில் சாலையை மறித்து உட்கார்ந்தார்களே. அப்போது நீ காலேஜில் இருந்தாய். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில். கூட இருந்தவள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் இல்லை. செத்துப் போய்விட்டார்கள் என்று வதந்தி கிளம்பிற்று. அப்புறம்தான் சாலைக்கு வந்தார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? பிறகு அரசாங்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்லது. ஆனால் கட்டில் போட்டால் மட்டும் போதாது. காய்ச்சலில் படுத்தவளை, "எப்படிம்மா இருக்கே" என்று நேரில் போய்ப் பார்த்து, திரும்பி வந்து மற்றவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு ஆள் வேண்டும். உன் லைனுக்கு அந்த ஆள் நீதான்.

அந்த 2024இலேயே செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 37 நாள். சம்பளமும் கேட்டார்கள்தான். ஆனால் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சின் நடுவில் இருந்தது. மறு ஜனவரியில் பதிவாயிற்று. நீ இப்போது மேலிடத்துக்கும் லைனுக்கும் நடுவில் நிற்கிறவள். சங்கம் என்றாலே எதிரி என்று உன் காதில் ஓதுவார்கள். உன் தாத்தா நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு போட்ட உறுப்பினர். தனி முதலாளிக்கு நெய்த வருஷங்களில் "முதலாளி தறி" என்றவர், அதில் சேர்ந்த பிறகு "நம்ம சங்கம்" என்றார். கூலி ஒன்றும் பெரிதாக ஏறிவிடவில்லை. மகாசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "கணக்கைக் காட்டுங்க" என்று கேட்கலாம், அவ்வளவுதான். அதற்கே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போவார். கேள்வி கேட்கிறவன் வெளியாள் இல்லை பாப்பா. வெளியாள் கேட்கவே மாட்டான், ஒன்றாம் தேதி சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேறு கம்பெனி பார்ப்பான்.

நீதான் போன பொங்கலுக்கு டொயோட்டா கதை சொன்னாய். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. சக்கிச்சி டொயோடா என்கிற ஜப்பான்காரர் கார் செய்கிறவர் இல்லை, தறி செய்கிறவர். இழை அறுந்தால் தானாக நின்றுவிடுகிற தறியை 1924இல் கொண்டுவந்தார். அவர் பிள்ளைதான் பிறகு கார் கம்பெனி ஆரம்பித்தது. அங்கே லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்குமாம். கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், சரிசெய்யாவிட்டால் லைனே நிற்கும். அப்படித்தானே சொன்னாய்? உன் தாத்தாவும் இழை அறுந்தால் நிறுத்துவார். நிறுத்தாமல் ஓட்டினால் இரண்டு முழம் தள்ளித்தான் பழுது தெரியும், அவிழ்க்கவும் முடியாது. அந்த மாதிரிக் கயிறு உங்கள் கம்பெனியிலும் இருக்கிறது, ஆனால் யாரும் இழுப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன முறை இழுத்தவனை யார் முறைத்துப் பார்த்தது? நீ இல்லை என்றால் சந்தோஷம். அடுத்த முறை யாராவது இழுத்தால் முதல் வார்த்தையாக, "நல்லதாப் போச்சு, என்ன ஆச்சு?" என்று கேள். தப்பைச் சொல்லிவிட்டு அங்கேயே நிம்மதியாக நிற்க முடிகிற ஆள்தான் 'நாம' என்று சொல்வான்.

நல்லதைச் செய்தவன் பெயரையும் மறைக்காதே. ஒரு தடவை நான் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை வைத்து ஒரு சேலை நெய்யச் சொல்லலாம் என்று கடையில் சொன்னேன். கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் பல்லோடு பல் கோத்த மாதிரி பிரியாமல் நிற்கும். அதற்குத் தறியில் நெய்கிறவரோடு, மறுபக்கக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பிப் போட இன்னொரு ஆளும் வேண்டும். சின்ன வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்தவள் நான். பள்ளிக்கூடம் நின்றது அதனால்தான், அது தனிக் கதை. அந்தச் சேலை வந்த வாரமே விற்றது. வாங்கிய அம்மாளிடம் கணக்குப்பிள்ளை என்னைக் காட்டி, "இந்தம்மா சொன்ன ஜோடிங்க இது" என்றார். முப்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த மனிதரின் முகம் மறந்துவிட்டது, அந்த வாக்கியம் மறக்கவில்லை. உன் பிள்ளைகள் சொன்ன யோசனையை நீ மேலே அனுப்பும்போது, சொன்னவர் பெயரை முதல் வரியில் எழுது. உன் பெயர் தானாகத் தெரிய வரும்.

இரண்டு எச்சரிக்கை. "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று சுவரில் எழுதி ஒட்டாதே. குடும்பத்தில் யாரையும் மூன்று மாத நோட்டீசில் அனுப்புவதில்லை. அனுப்ப முடிந்தால் உன் மாமாவை நான் எப்போதோ அனுப்பியிருப்பேன். குடும்பம் என்ற சொல்லை வைத்துத்தான் அதிகம் பேர் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள். ஓவர்டைம் என்றால் அதற்குக் காசு. அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் அன்பைக் காட்டு.

இன்னொன்று, உரிமை என்பது இரண்டு பக்கமும் கூர் உள்ளது. வைகாசியில் காஞ்சிபுரம் வரதர் கருட சேவை பார்க்க உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவேனே. ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் கொடுக்க, ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் தீவட்டி பிடிக்க, அவரவர்க்கு ஒரு வேலை. தீவட்டிக்காரருக்குக்கூடத் தான் இல்லாமல் சாமி புறப்படாது என்கிற நினைப்பு இருக்கும். பார்க்க அழகு. அதே ஊரில்தான் வடகலையா தென்கலையா என்று நூறு வருஷத்துக்கு மேலாகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிறார்கள். 'இது எங்களுது' என்று சொல்லப் பழகியவனுக்கு, 'உன்னுது இல்லை' என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. உன் லைனிலும் நாலு பேர் சேர்ந்து ஐந்தாமவனைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து தள்ளலாம். ஊரைக் கேட்டு, சாதியை மோப்பம் பிடித்து, பாஷையைக் கிண்டல் செய்து தள்ளுவார்கள். யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று தினமும் ஒரு பார்வை பார்த்து வை. வருகைப் பதிவேட்டைவிட அது அதிகம் சொல்லும்.

திட்டு முடிந்தது. இப்போது என் கவலை. ராத்திரி பதினொன்றுக்கு ரூமுக்கு வந்து பிஸ்கெட் தின்றுவிட்டுப் படுக்கிறாயாம், உன் அம்மா சொன்னாள். பதினெட்டுப் பேருக்கு இடம் பண்ணித் தருகிறேன் என்று நீ இடமில்லாமல் போகாதே. உனக்கும் கம்பெனி ஒரு நாள் 'நாங்க' என்று சொல்லும். அன்றைக்குத் தாங்குவதற்கு இங்கே ஒரு 'நாம' இருக்கிறது என்பதை நினைவில் வை. ஏரியில் தண்ணீர் கொஞ்சம்தான் கிடக்கிறது. ஐப்பசி மழையில் கலங்கல் வழிந்தால் போன் பண்ணுகிறேன், லீவு போட்டுவிட்டு வா, முன்னமாதிரி கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்போம்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு காகிதம் கொண்டு வர வேண்டும். உன் லைனில் இருக்கிற 18 பேர் பெயரும், ஒவ்வொருவருடைய ஊரும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பார்த்து எழுதக் கூடாது, அவர்களிடம் கேட்டு உன் கையால் எழுத வேண்டும். கொண்டு வந்தால்தான் பால் கொழுக்கட்டை.

உன் அன்பு அத்தை.